மயிலாத்தாளின் ஆணி

களைப்பு உழைத்தவருக்கே சொந்தம் என்றொரு நம்பிக்கை உலகெங்கும் இருக்கிறது. மருத்துவர்கள் இதை நம்பித்தான் மாத்திரை எழுதுகிறார்கள், ஆலைகள் இதை நம்பித்தான் ஷிப்ட் பிரிக்கின்றன, மாமியார்கள் இதை நம்பித்தான் மருமகளைப் பார்த்து நீ என்ன செய்து கிழித்தாய் என்று கேட்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்பதை, பலருடைய மனம் புண்படும் என்று தெரிந்தும், முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பந்தயம் நடக்காத ஊர்களில் களைப்பு உழைத்தவரிடமே தங்கியிருக்கலாம். பந்தயம் நடக்கிற ஊரில் அதற்கு அப்படி ஒரு விசுவாசமும் கிடையாது. காரணம் மொழியிலேயே இருக்கிறது. பந்தயம் வைக்கிறேன், போடுகிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னாலும், பந்தயம் கட்டுகிறேன் என்பதே அழுத்தமான வழக்கு. கட்டு என்று சொல்லிவிட்ட பிறகு எதை எதோடு கட்டுகிறோம் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. கொன்றைப்பாளையத்துக்காரர்கள் கேட்காமலேயே பதிலைத் தெரிந்துகொண்டார்கள்.

கொன்றைப்பாளையம் என்பது ஒரு நூல் மில்லும், ஒரு பேக்கரியும், இரண்டுக்கும் நடுவே ஒரு மைதானமும் கொண்ட ஊர். மில்லுக்குப் புது மிசின் பூட்ட ஜப்பானிலிருந்து வந்த இஞ்சினியர், துறைமுகத்தில் சிக்கிக்கொண்ட ஏதோ ஒரு பாகத்துக்காக எட்டு மாதம் காத்திருந்தார். அந்தச் சலிப்பில், சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங் பெண்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டு மட்டையையும் ஒன்பது கையுறையையும் விட்டுப் போனார். எறிகாரி எறிய, மட்டைக்காரி அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். புறப்பட்ட இடத்துக்கு வீடு என்று பெயர். ஓடி ஓடிக் கடைசியில் வீட்டுக்கே வருவதற்கு எதற்கு இத்தனை பாடு என்று ஆண்கள் கேட்டார்கள். பெண்களுக்கு அதில் விளக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. ஊர் இந்த ஆட்டத்துக்கு நாலுமூலை என்று பெயர் வைத்தது, பக்கத்து மில்கள் பார்த்தன, கற்றன, சில வருடங்களில் எட்டு மில்கள் சேர்ந்து ஆண்டுதோறும் பங்குனியில் ஒரு கேடயத்துக்கு மோதத் தொடங்கின.

மோதல் என்று வந்தால் பந்தயமும் வரும். பந்தயம் நடந்தது அர்த்தநாரியின் பேக்கரியில். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை, பலகையில் எட்டு ஆணி, ஒவ்வொரு ஆணிக்கு மேலும் ஒரு மில்லின் எறிகாரி பெயர். ஜெயிப்பாள் என்று நினைக்கிறவளின் ஆணியில், மில் குப்பையில் கிடைக்கும் கழிவு நூலில் ஒரு முழத்தை எடுத்துச் சுருக்குப் போட்டுக் கட்ட வேண்டும். தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு தேங்காய் பன் வாங்கித்தர வேண்டும். அவ்வளவுதான் பந்தயம். ஆட்டம் முடிந்ததும் அர்த்தநாரி ஒரே இழுப்பில் சுருக்குகளை உருவி அடுப்பில் போடுவார். யாருடைய நூல் எது என்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

மயிலாத்தாள் கொன்றை மில்லுக்காக எறிய வந்த முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில் நூற்று முப்பது பந்துகள் எறிந்து ஜெயித்தாள். பிறகு ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள், வாய்க்காலுக்குப் போனாள், ஒரு வாரத் துணியைத் துவைத்தாள், பாட்டுக்கூடப் பாடினாள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதே நேரத்தில் பேக்கரியில், டீயை ஆற்றுவதற்காக வலது கையைத் தூக்கிய அர்த்தநாரியால் அதைத் தோளுக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் ஆற்றினார். தையல்காரரின் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. பால் சொசைட்டிக்காரர் கேனுக்குப் பக்கத்திலேயே படுத்தார். அன்று மாலைக்குள் மில் டிஸ்பென்சரியின் கம்பவுண்டரிடம் பதினொரு பேர் ஒரே தோள்பட்டை வலியோடு வந்திருந்தார்கள். வெயில் என்றார் கம்பவுண்டர். பிறகு, பன்னில் ஏதோ என்றார். பிறந்ததிலிருந்து இடது கையால் சவரம் செய்யும் நாவிதருக்கும் வலது தோள்தான் வலிக்கிறது என்று தெரிந்தபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க பதினொரு பேரும் யாரு மேல கட்டுனீங்க?" என்று கேட்டார்.

ஏன் இப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எப்படி நடந்துகொள்வது என்பதுதான் பெரிய விவாதமாக இருந்தது. கர்ப்பிணிகள் நூல் கட்டலாமா, கணவன் கட்டினால் மனைவிக்கு எத்தனை பங்கு, அமாவாசை விரதத்தில் இருப்பவர் அடுத்தவளின் அலுப்பை உடம்பில் வாங்கினால் விரதம் முறிந்ததாகுமா என்று கோயில் கமிட்டி மூன்று முறை கூடியது. விரதம் முறியாது, ஆனால் பகலில் தூங்கினால் முறியும் என்று முடிவானது. பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு, ஒரு எறிகாரியின் அலுப்பை பதினெட்டுப் பேர் பகிர்ந்தால் ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகள் சரியாகப் போட்டார்கள். அலுப்பு கட்டியவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லாமல் சமமாகப் பிரிந்தது, அந்த ஊரில் அப்படிப் பிரிந்த ஒரே பொருள் அதுதான்.

இங்கே ஒரு சொல் விளக்கம் தவிர்க்க முடியாதது. களைப்பு ஓடினால் வருவது, தண்ணீர் குடித்தால் போவது. சோர்வு மனதுக்கு வருவது, யாராவது வந்து பேசினால் போவது. அசதிக்குக் காரணம் கிடையாது. அலுப்பு என்பது வேலையால் எலும்பில் படிவது, தூங்கினால் மட்டும் கரைவது. நூல் வழியாகப் போனது அலுப்பு மட்டும்தான். முதல் பந்து எறியப்படும் நொடியில் போகத் தொடங்கும், நூலை உருவினால்தான் நிற்கும், அன்றைய ஆட்டத்தின் அலுப்பு மட்டுமல்ல, அதற்கு முன் உடம்பில் சேர்ந்து கிடப்பதும் கூடவே போகும். ஆகவே எறிகாரி கடைசியாக எப்போது ஆடினாள், இடையில் எத்தனை நாள் ஓய்வு, அந்த நாட்களில் அவளுக்கு பகல் ஷிப்டா, நள்ளிரவு வரையான அரைநைட்டா, விடியும்வரையான முழுநைட்டா என்பதெல்லாம் பந்தயம் கட்டுபவரின் உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயமாகிப் போனது. அர்த்தநாரி பலகையில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, மேலே ஓய்வு என்று எழுதி, நாட்களைக் குறித்தார்.

அன்றிலிருந்து ஊர் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தது. நான்கு நாள் ஓய்வெடுத்தவளின் ஆணியில் நூல் பூமாலை போலத் தொங்கியது. முந்தின நாள் ஆடியவளின் ஆணி துருப்பிடித்தது. ஏற்கெனவே ஓய்வெடுத்தவளுக்கு அலுப்பைத் தாங்க இருநூறு பேர், ஓய்வே இல்லாதவளுக்கு ஒருவரும் இல்லை. இந்த ஏற்பாட்டில் ஒரு கோணல் இருப்பதைப் பலரும் கவனித்தார்கள். கவனித்துவிட்டு, நான்கு நாள்காரியிடமே கட்டினார்கள்.

பயம் நியாயமானதுதான். இரண்டாம் வருடம், மில் வாட்ச்மேன் காளியண்ணன், பன் ஆசையில், ஓய்வே இல்லாமல் மூன்று நாள் தொடர்ந்து ஆடிய வேற்றூர் எறிகாரி ஒருத்தியின் ஆணியில் தனியாளாகக் கட்டினார். அந்த ஆட்டத்தில் அவள் ஜெயித்தாள். காளியண்ணன் மில் கேட்டில் நின்றபடியே தூங்கி, நான்காம் நாள்தான் கண்ணைத் திறந்தார். வலது கை மட்டும் இன்றுவரை தூங்கிக்கொண்டிருக்கிறது. அவருக்கு வரவேண்டிய பன்கள் அனைத்தும் நேர்மையாக வந்து சேர்ந்தன, அவற்றை அவர் மகள் பிய்த்து ஊட்டினாள்.

இப்போது மயிலாத்தாளின் விஷயத்துக்கு வரலாம். அவள் ஆறு வருடமாக டெம்பரரி. தினமும் காலையில் டைம் ஆபீஸில் பெயர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. அவள் ஜெயித்த முதல் வருடப் பரிசளிப்பில், பழைய முதலாளி, வயதானவர், மைக்கைப் பிடித்துக்கொண்டு, மூன்று வருடம் தொடர்ந்து கேடயம் வாங்கித்தரும் எறிகாரிக்கு நிரந்தர கார்டு தருவதாகச் சொல்லிவிட்டார். சொன்ன வாக்கியத்தை அவருடைய போட்டோவுக்குக் கீழே அச்சடித்துச் சட்டம் போட்டு டைம் ஆபீஸில் மாட்டினார்கள். அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். வாக்கியம் இறக்கவில்லை. மயிலாத்தாள் இரண்டாம் வருடமும் ஜெயித்தாள்.

மூன்றாம் வருடம் வந்தபோது இது ஸ்பின்னிங் மாஸ்டர் ஆவுடையப்பனின் கவலையாகிவிட்டது. மில்லை நடத்துவது அவர்தான், அந்த வருடம் போட்டியின் செயலாளரும் அவரே. தெற்கத்திக்காரர், பண்பானவர், யாரையும் நீ என்று பேசாதவர். ஒருத்திக்கு கார்டு கொடுத்தால் மீதி நானூறு டெம்பரரிகளும் வரிசையில் நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் பேக்கரிக்குப் போய், ஒரு டீ வாங்கிக்கொண்டு, அரைமணி நேரம் ஓய்வுக் கட்டத்தையே பார்த்தார். பிறகு ஆபீஸுக்குப் போய் இரண்டு தாள்கள் தயாரித்தார். ஒன்று போட்டி அட்டவணை: கொன்றை மில்லின் அரையிறுதி சனிக்கிழமை மாலை, இறுதி ஆட்டம் ஞாயிறு காலை எட்டு மணி. எதிரணியான ஆத்துமேட்டு மில்லுக்கு அரையிறுதி செவ்வாய்க்கிழமையே முடிந்துவிடும், அவர்களுக்கு நான்கு நாள் முழு ஓய்வு. இன்னொன்று ஷிப்ட் பட்டியல்: எம். மயிலாத்தாள், திங்கள் முதல் சனி வரை, முழுநைட். சனிக்கிழமை மாலை ஆடிவிட்டு, மில்லில் விடியவிடிய நின்றுவிட்டு, காலையில் இறுதி ஆட்டத்துக்கு வர வேண்டும்.

தடை எதுவும் இல்லை, விதி எதுவும் மீறப்படவில்லை. கட்டம் மட்டும் சைபர் என்று காட்டும். ஊர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஊர் பார்த்துக்கொண்டது. சனிக்கிழமை அரையிறுதிக்கே மயிலாத்தாளின் ஆணியில் ஒரு நூலும் இல்லை. அவள் தன் அலுப்பைத் தானே சுமந்து எறிந்து, ஒரே ஒரு ஓட்டத்தில் ஜெயித்து, கையுறையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் பேக்கரி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பலகையில் ஆத்துமேட்டு எஸ்தரின் ஆணி நூல் தாங்காமல் வளைந்திருந்தது. ஆவுடையப்பன் அதில் ஒரு நூலைக் கட்டி, சுருக்கைச் சரிபார்த்துவிட்டு, மயிலாத்தாளைப் பார்த்து மரியாதையாகத் தலையை அசைத்தார்.

"நல்லா ஆடுனீங்கம்மா. நைட்டுக்கு நேரத்துக்கு வந்திருங்க."

"வாறனுங்க மாஸ்டர்," என்றாள் மயிலாத்தாள். "காத்தாலைக்கும் நேரத்துக்கு வாறனுங்க. நீங்க பன்னுக்குச் சொல்லி வெச்சுக்கோங்க."

அவர் புன்னகைத்தார். மற்றவர்கள் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். எல்லோர் வீட்டிலும் ஒரு டெம்பரரி உண்டு. ஆனால் ஆறு முழுநைட்டும் இரண்டு ஆட்டமும் சேர்ந்த அலுப்பு பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது, முதலில் கட்டுகிறவன், பின்னால் யாரும் கட்டாவிட்டால், காளியண்ணன் ஆவான். ஒவ்வொருவரும் இரண்டாவது ஆளாக இருக்கத் தயாராக இருந்தார்கள்.

அந்த நேரத்தில் சம்பூர்ணம் உள்ளே வந்தாள். கோன் வைண்டிங்கில் மயிலாத்தாளுக்குப் பக்கத்து மிசின், பதினோரு வருட டெம்பரரி, நாலுமூலையில் மூன்றாவது மூலைக் காவல். பகல் ஷிப்டும் ஆட்டமும் முடித்து, இடுப்பு மடிப்பில் ஒட்டிய பஞ்சோடு நேராகக் கல்லாவுக்குப் போய் ஒரு முழ நூலை உருவினாள்.

"வேண்டாங்க்கா," என்றாள் மயிலாத்தாள், பெஞ்சிலிருந்து எழாமலே. "என்ற அலுப்பு என்றதுதான். நீங்க ஒண்ணும் சொமக்க வேண்டாம்."

"உன்றதுன்னு பேரு எழுதி ஒட்டிருக்குதா?"

"காளியண்ணன் கையப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அந்த மனுசன் பன்னுக்குக் கட்டுனாரு. எனக்குத் தேங்கா பன்னு ஆகாது, நெஞ்செரிச்சல்." சம்பூர்ணம் பலகைக்குக் குனிந்தாள். "உனக்கு கார்டு வந்தா அடுத்தது நான் கேப்பேன். பதினோரு வருசத்துக்கு எத்தனை கார்டுன்னு கேப்பேன். சும்மா உன்ற மேல பாசம்னு நெனச்சுக்காத அம்மிணி."

கட்டிவிட்டு நிமிர்ந்தாள். அர்த்தநாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஆணியைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். நகத்தால் நிமிண்டினார்.

"ஏனம்மிணி, என்ன பண்ணி வெச்சிருக்கறே? சுருக்குப் போடச் சொன்னா மில் முடிச்சல்ல போட்டுட்டே!"

மில் முடிச்சு என்பது அறுந்த நூலின் இரு முனைகளைச் சேர்த்து வைண்டிங் பெண்கள் போடுவது. இரண்டு விரல், ஒரு கட்டைவிரல், கண்ணிமைக்கும் நேரம். இழுக்க இழுக்க இறுகும், அவிழாது. அவிழ்ந்தால் துணியில் ஓட்டை விழும் என்பதால் அவிழாதபடியே அது கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு ஷிப்டில் ஒருத்தி ஆயிரத்துக்குக் குறையாமல் போடுகிறாள். சம்பூர்ணம் தன் விரல்களை, ஏதோ அவை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்பது போலப் பார்த்தாள்.

"கைப்பழக்கமுங்கண்ணா," என்றாள்.

"பிளேடு வெச்சு அறுத்துறட்டா?"

"கட்டுனதை அறுத்தா அது என்ன பந்தயமுங்க?"

"செத்துப்போயிருவே அம்மிணி!"

"அதான் எனக்கும் ரோசனையா இருக்குது," என்றாள் சம்பூர்ணம். பேக்கரியில் இருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "நான் ஒருத்தி சொமந்தா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவீங்க. பத்துப் பேரு சொமந்தா படுத்துக்குவோம். ஊரே சொமந்தா ஆளுக்கு ஒரு கொட்டாவி. இது அஞ்சாங்கிளாஸ் புள்ளை போடற கணக்குங்க."

தையல்காரர் எழுந்தார். தான் ஒன்றும் தைரியசாலி இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்வது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து கட்டினார். நாவிதர் இடது கையால் கட்டினார். பால் சொசைட்டிக்காரர் கட்டினார். மில்லில் சாப்பாட்டுச் சங்கு ஊதி அரைநைட்டுக்காரர்கள் வாசலைக் கடந்தபோது செய்தி வெளியே போயிருந்தது. வைண்டிங் பெண்கள் வரிசையாக வந்தார்கள், சமையல் கையோடு வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள், வந்த ஒவ்வொருத்தியும் ஆணியில் கைவைத்ததும் இரண்டு விரல், ஒரு கட்டைவிரல், கண்ணிமைக்கும் நேரம், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயோ, மில் முடிச்சுப் போட்டுட்டனே," என்றார்கள். கைப்பழக்கம் என்றார்கள். நானூறு பேருக்கும் ஒரே மாலையில் அப்படிக் கை தவறியது என்றுதான் ஊர் இன்றும் சொல்கிறது, அதை மறுக்க நம்மிடம் ஆதாரம் இல்லை. காளியண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அவள் விரலால் தன் நூலையும் கட்டினார். ஆணி போதாமல் நூலின்மேல் நூலாகக் கட்டினார்கள். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு அர்த்தநாரி எண்ணி முடித்தபோது ஆயிரத்து நூற்று எழுபத்திரண்டு நூல்கள் இருந்தன, ஆணி கண்ணுக்கே தெரியவில்லை. பேக்கரிக்குள் அது ஒரு பெரிய வெள்ளைத் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்கு மயிலாத்தாள் முழுநைட்டு முடித்து, காதிலும் புருவத்திலும் பஞ்சோடு மைதானத்துக்கு வந்தாள். நிற்கும்போதே கண் செருகியது. பந்தைக் கையில் வாங்கி, காலைத் தூக்கி, முதல் பந்தை எறிந்தாள்.

ஊரின் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அதுவரை எந்த ஆணியிலும் இத்தனை நூல் கட்டப்பட்டதில்லை, அதனால் நூல் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. பதினொரு நூல் மேலாக இருப்பதை மட்டும் எடுத்தது. ஆயிரத்து நூற்று எழுபத்திரண்டு நூலும் கிணற்று வாளி போல இறங்கி இறங்கி, அந்த வாரத்து ஆறு இரவுகளைத் தாண்டி, ஆறு வருடத்து இரவுகளைத் தாண்டி, அவள் மில்லுக்கு வருவதற்கு முன் சித்தாள் வேலையில் செங்கல் சுமந்ததைத் தாண்டி, பத்து வயதில் மூன்று மைல் தண்ணீர் சுமந்ததுவரை தொட்டு, அத்தனையையும் ஒரே இழுப்பில் வெளியே எடுத்தன. மைதானத்தைச் சுற்றி நின்ற ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டது. வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் அந்தச் சத்தத்தில் எழுந்து பறந்தன. இரண்டாம் சுற்றில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். மூன்றாம் சுற்றில் ஓட்டம் எழுதுகிறவர் நோட்டின்மேல் கவிழ்ந்தார். நான்காம் சுற்றில் நடுவர், கையை உயர்த்திய நிலையிலேயே, மெதுவாக மடங்கி உட்கார்ந்தார். மயிலாத்தாளின் அணியில் எட்டுப் பேரும் அவரவர் மூலையில் நின்றபடி தூங்கினார்கள், சம்பூர்ணம் மூன்றாவது மூலையில் கையுறையைத் தலையணையாக வைத்துக்கொண்டாள்.

அதனால் என்ன. மட்டையில் ஒரு பந்தும் படாவிட்டால் பிடிப்பதற்கு யாரும் தேவையில்லை. மயிலாத்தாள், பிறந்த அன்று இருந்ததைவிட லேசாக, எறிந்தாள். ஆத்துமேட்டு மட்டைகள் காற்றை அடித்தன. அவள் முறை வந்தபோது மட்டையை எடுத்து, கடைசிச் சுற்றான ஏழாம் சுற்றில் எஸ்தரின் பந்தை மில் புகைபோக்கிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, தூங்குகிறவர்களை எழுப்பிவிடாதபடி பூனை நடையில் நான்கு மூலையையும் சுற்றி வீடு வந்து சேர்ந்தாள். கைதட்டல் இல்லை. குறட்டை இருந்தது.

எதிரணியில் நூல் கட்டியிருந்தவர்கள் ஏழாம் சுற்று தொடங்கும்போதே பன்னுக்குப் பயந்து கிளம்பிவிட்டார்கள். மைதானத்தில் விழித்திருந்தவர்கள் ஆத்துமேட்டு ஒன்பது பேரும், நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனும்தான். மயிலாத்தாள் எழுதுகிறவரின் கன்னத்துக்கு அடியிலிருந்து நோட்டை உருவி ஆவுடையப்பன் முன்னால் நீட்டினாள்.

"எழுதுங்க மாஸ்டர்."

ஆவுடையப்பன் நோட்டைப் பார்த்தார். மூன்றாம் சுற்றோடு எழுத்து நின்றிருந்தது.

"நான் எழுதலாம்மா. ஆனா நடுவர் தூங்குறாரு, ஸ்கோரர் தூங்குறாரு. சாட்சி இல்லாம எழுதினா நாளைக்கு ஒருத்தர் கேப்பாங்க. செல்லாதுன்னு எழுதிருவோம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"ஜெயிச்சதுக்குச் சாட்சி கேக்கறீங்களா?"

"கேக்குறேன்ம்மா. தப்பா நெனைக்காதீங்க."

அப்போது எஸ்தர், நான்கு நாள் ஓய்வெடுத்தவள், தோளில் மட்டையோடு வந்தாள். அவளும் அவள் மில்லில் டெம்பரரி, ஆனால் அதை அவள் சொல்லவில்லை.

"ஜெயிச்சவ சொன்னாத்தான் சார் சாட்சி வேணும்," என்றாள். "தோத்தவ சொன்னா எதுக்கு? நான் தோத்துட்டேன். பேனாவக் குடுங்க." வாங்கி, தன் பெயரை எழுதி, அதற்கு நேராகத் தோல்வி என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டாள். பிறகு மயிலாத்தாளைப் பார்த்து, "அந்தக் கடேசிப் பந்து நான் நல்லாத்தான் போட்டேன், அக்கா," என்றாள்.

"நல்ல பந்துதான் கண்ணு. அதான் அவ்வளவு தூரம் போச்சு."

திங்கள் காலை சங்கு ஊதியதும் கொன்றைப்பாளையம் வேலைக்கு வந்தது. இதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு இதை வேலைநிறுத்தம் என்று சிலர் எழுதினார்கள். வேலைநிறுத்தம் என்றால் வேலை செய்ய மறுக்க வேண்டும். யாரும் மறுக்கவில்லை. அனைவரும் டைம் ஆபீஸில் வருகை பதிந்தார்கள், மிசின் முன்னால் போய் நின்றார்கள், ஆறு வருட அலுப்பும் செங்கலும் தண்ணீர்க் குடமும் உடம்பில் இருக்க, நின்றபடியே தூங்கினார்கள். மிசின் ஓடியது, நூல் அறுந்தது, முடிச்சுப் போட ஆளில்லை. ஆவுடையப்பன் வரிசை வரிசையாக நடந்து அம்மா, அம்மா என்று எழுப்பினார். அவர்கள் வாறனுங்க என்றார்கள், கண்ணைத் திறக்கவில்லை. அவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் தானே முடிச்சுப் போட ஆரம்பித்தார். பத்தரை மணிக்கு அவர் விரலில் நூல் கிழித்த ரத்தம் கோன்களில் பட்டிருந்தது.

மில்லில் விழித்திருந்த ஒரே தொழிலாளி டைம் ஆபீஸ் படியில், பழைய முதலாளியின் போட்டோவுக்கு நேர் கீழே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாங்கம்மா," என்றார் ஆவுடையப்பன். "நீங்க ஒருத்தராவது வாங்க."

"என்ற பேர இன்னும் கூப்பிடலீங்களே மாஸ்டர். டெம்பரரிய பேரு கூப்பிட்டாத்தானே உள்ள வரோணும்?"

"மயிலாத்தாள்," என்றார் அவர்.

"அது போன வாரத்துப் பேருங்க," என்றாள் அவள். தலைக்கு மேலே இருந்த சட்டத்தைத் திரும்பிப் பார்க்காமலே விரலால் காட்டினாள். "அதுல இருக்கறபடி கூப்பிடுங்க. எந்திரிச்சு வாறேன். அலுப்பே இல்லாம இருக்கறேன், ஒரு வரிசை முழுக்க ஒத்தையா ஓட்டுவேன். இல்லீன்னா நீங்களே முடிச்சுப் போடுங்க. நல்லாத்தான் போடறீங்க, சித்தெ இறுக்கிப் போடுங்க."

பதினொன்று நாற்பதுக்கு நிரந்தர கார்டு எழுதப்பட்டது. எழுதிய கையில் பிளாஸ்திரி இருந்ததால் கையெழுத்து கோணலாக இருக்கிறது.

ஊர் புதன்கிழமைதான் முழுதாக விழித்தது. அன்று மாலை மயிலாத்தாள் பேக்கரிக்குப் போய், அர்த்தநாரியின் பிளேடை வாங்கி, அந்தக் கூட்டை ஆணியை ஒட்டி அறுத்தாள். இருந்தா இருக்கட்டுமே, இனி உனக்கு அலுப்பே வராதே என்று சம்பூர்ணம் சொன்னதற்கு, "வரட்டும்ங்க்கா, எட்டு மணி நேரத்து அலுப்பு எட்டு மணி நேரம் தூங்குனாப் போயிரும், அது என்றதாவே இருக்கட்டும்," என்றாள். வீட்டுக்குப் போய்ப் பதினான்கு மணி நேரம் தூங்கினாள். மறுநாள் காலை சம்பூர்ணம் டைம் ஆபீஸ் வாசலில் முதல் ஆளாக நின்றாள். அவளுக்குப் பின்னால் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் நின்றார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு முழம் கழிவு நூல் இருந்தது.

அடுத்த பங்குனியில் வந்த போட்டி அட்டவணையில் எட்டு அணிகளுக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையே நான்கு நாள் ஓய்வு என்று அச்சிட்டிருந்தது. பலகையில் எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் ஒரே எண் வந்ததால், அர்த்தநாரி ஓய்வுக் கட்டத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் தேங்காய் பன்னின் விலையை எழுதினார்.